புல்லு வெட்டுற வண்டி வயக்காட்டுல ஓடினா யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கிட்ட ஒரு வண்டி இருக்கு. அதுக்கு இன்னும் பேரு வைக்கல. குத்தாலத்துல ஒரு தங்கும் விடுதிக்காரங்க, புல்தரையில உக்காந்து ஓட்டிக்கிட்டே புல் வெட்டுறதுக்கு வச்சிருந்த மெஷின். பிளேடு வளைஞ்சு, பெல்ட் அறுந்து, நாலு சீசன் சாரல்ல நனைஞ்சு துருப்பிடிச்சுக் கிடந்து, கடைசியில பழைய இரும்பு விலைக்கு வந்தது. நான் வாங்கினேன். தென்காசிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில போட்டு, மேஸ்திரியும் நானும் மூணு மாசம் அதோட மல்லுக்கட்டினோம். இப்ப அது ஆய்க்குடியில என் தோப்புக்கும் வயலுக்கும் நடுவுல தேங்காயும் உர மூட்டையும் இழுக்குது.

வண்டியப் பத்திப் பெருமை பேச இத எழுதல. அதப் பாத்துட்டு நகரத்துல இருந்து வாரவங்க சொல்லுற ரெண்டு விதமான பேச்சப் பத்தித்தான் எழுத வந்தேன்.

முதல் பேச்சு: "அங்கிள், இது ரொம்ப ஆபத்து. சட்டப்படி குத்தம். அரசாங்கம்தான் மானியம் தருதே, புதுசா வாங்க வேண்டியதுதானே?"

ரெண்டாவது பேச்சு: "ஐயா, நீங்க கிராமத்து விஞ்ஞானி!" இதச் சொல்லுதவங்க கையில எப்பவும் போன் இருக்கும், ரீல்ஸ் ஓடிக்கிட்டிருக்கும். என் லுங்கி, வண்டியோட கரகரச் சத்தம், பின்னால மேற்குத் தொடர்ச்சி மலை, எல்லாம் அழகா விழும். பாட்டு அவங்க ஊருக்குப் போயி சேத்துக்கிடுவாங்க.

ஒருத்தர் திட்டுதாரு, ஒருத்தர் பாராட்டுதாரு. இதுவரைக்கும் ஒருத்தர்கூட, "அண்ணாச்சி, இப்படி ஒரு வண்டி உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது?"ன்னு கேக்கல. நான் கோவப்படுறது அதுக்குத்தான்.

தேவைய முதல்ல சொல்லிடுதேன். எனக்கு மொத்தம் ஒண்ணே முக்கால் ஏக்கர். அதுவும் ஒரே இடத்துல இல்ல. எழுபத்தஞ்சு சென்ட் தென்னந்தோப்பு ஒரு பக்கம், ஒரு ஏக்கர் வயல் இன்னொரு பக்கம். கார், பிசானம் ரெண்டு போகமும் நெல்லு, தண்ணி குறைஞ்ச வருஷம் சின்ன வெங்காயம். இத கேட்டு யாரும் பாவப்பட வேண்டாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒரு விவசாயிக்குச் சராசரியா முக்கால் ஹெக்டேர்தான் இருக்கு, அதாவது ரெண்டு ஏக்கருக்கும் குறைவு. நான் அந்தச் சராசரிக்குள்ளதான் இருக்கேன்.

ரோட்டுல இருந்து என் வயலுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும். குட்டி யானை ரோட்டோட நின்னுக்கிடும். அதுக்கு அங்கிட்டு வாய்க்கால் கரை, அகலம் நாலு அடி. சில இடத்துல மூணரை. எங்க அப்பா காலத்துல அதுல மாட்டு வண்டி போச்சு. கிராம வரைபடத்துல இன்னைக்கும் அது வண்டிப்பாதைதான். ஆனா வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம்னு ரெண்டு பக்கமும் வரப்பு வெட்டி வெட்டி, வண்டிப்பாதை இப்ப ஒத்தையடிப் பாதைக்கு அண்ணன் முறை ஆயிடுச்சு. இதுக்கு யாரு மேல கேஸ் போடுறது? ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க.

அந்த அரைக் கிலோமீட்டர்தான் என் விவசாயத்தோட கழுத்தைப் பிடிக்கி. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி மூட்டை 50 கிலோ. தொழு உரம் எத்தனை நடைன்னு எண்ணி முடியாது. அறுப்பு முடிஞ்சா நெல்லு, தோப்புல வெட்டுப் போட்டா தேங்காய், எல்லாம் தலைச்சுமை. அந்தச் சுமை தூக்கின பொம்பளைகளுக்கு இப்ப என்னைவிட வயசு கூட. "முட்டி போயிட்டு அண்ணாச்சி"ன்னு சொல்லுறவங்க தலையில எந்த முகத்தோட மூட்டைய ஏத்துறது? அவங்க பிள்ளைகள் வரமாட்டாங்க, வரவும் வேண்டாம். அதுங்க படிச்சிருக்கு.

இதுக்கு மானியத்துல மினி டிராக்டர் வாங்கச் சொல்லுதாங்க. திட்டத்தை நான் குறை சொல்லல. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு, உழவன் செயலியில பதியலாம், எல்லாம் சரி. ஆனா லட்சக்கணக்குல போற ஒரு வண்டியில பாதி என்பதும் லட்சக்கணக்குதான். ஒண்ணே முக்கால் ஏக்கர் அந்தக் கடனைத் தாங்காது. வேளாண் பொறியியல் துறையில வாடகைக்கு டிராக்டர் கிடைக்கும், உழவுக்கு நானே எடுத்திருக்கேன். ஆனா செவ்வாய்க்கிழமை ரெண்டு மூட்டை, வெள்ளிக்கிழமை நூறு தேங்காய்னு இருக்கிற சில்லறை வேலைக்கு வாடகை வண்டி வருமா? வந்தாலும் நாலு அடி கரையில இறங்குமா?

இன்னொண்ணு. மானியம்னா பட்டியல்ல உள்ள புது மெஷினுக்கு மட்டும்தான். பழசச் சரிபண்ணி ஓட்டுறவனுக்கு ஒரு ரூபா கிடையாது. புதுசு வாங்க முடியாதவனுக்கு உதவத்தான மானியம்? அவன் புதுசு வாங்கினாத்தான் உதவின்னு சொன்னா என்ன கணக்கு இது?

சரி, இந்த மெஷின் எப்படிப் பொருந்தி வந்தது? அடியில இருந்த பிளேடு தட்டைக் கழட்டிட்டா வண்டியோட அகலம் மூணு அடிதான். நாலு அடி கரையில இந்தப் பக்கம் அரை அடி, அந்தப் பக்கம் அரை அடி. எடையும் இருநூறு கிலோ சுத்திதான், கரை உடையாது. பவர் டில்லர்ல டிரெய்லர் மாட்டி ஓட்டலாமேன்னு கேப்பீங்க. ஓட்டுறாங்க, நல்ல வண்டிதான். ஆனா அந்த நீளமான கைப்பிடியப் பிடிச்சு நாலு அடி கரையில திருப்புறதுக்கு என் தோள்பட்டை இப்ப ஒத்துக்கிடாது.

இனி வேலைப்பாட்டைச் சொல்லணும். ரீல்ஸ்ல இது வராது, அதனால கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

நம்ம பம்புசெட் இன்ஜின்ல ஷாஃப்ட் படுத்திருக்கும். இந்தப் புல்வெட்டி இன்ஜின்ல நட்டமா நிக்கும். கீழ ஒரு புல்லி, அதுல இருந்து பெல்ட் பின்னால கியர் பெட்டிக்குப் போகுது. சமதளப் புல்தரையில மணிக்கு எட்டு கிலோமீட்டர் போறதுக்குச் செஞ்ச சாமானம். அதுல வந்த டயர் வழவழன்னு இருக்கும், புல்லு நசுங்கக் கூடாதுன்னு அப்படி. நம்ம சேத்துல அது நின்ன இடத்துலயே சுத்தும். அதனால பின்னால பவர் டில்லர் டயர் போட்டோம், ஹப்புக்கு லேத்துல தட்டு கடைஞ்சு. டயர் பெருசானா வண்டி தரையில இருந்து உயரும், கல்லு தட்டாது. ஆனா வேகமும் கூடும், இழுவை குறையும். அதச் சரிக்கட்ட இன்ஜின் புல்லிய சின்னதா மாத்தினோம். அமெரிக்காவுல இந்த மாதிரி வண்டியச் சேத்துலயும் காட்டுப் பாதையிலயும் ஓட்டி விளையாடுற பயலுக பல பேரு இதுக்கு நேர் எதிரா இன்ஜின் புல்லியப் பெருசாக்கி வேகம் கூட்டுவாங்க. நமக்கு என்னத்துக்கு வேகம்? மனுசன் நடக்குற வேகத்துல நாலு மூட்டை வந்தாப் போதும்.

முன் சக்கரத்துல பேரிங் கிடையாது, வெறும் புஷ்தான். பாரம் ஏத்தி ஒரு மழைக்காலம் தாங்காது. பிரேக்கும் கியர் பெட்டி ஓரமா ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். மேஸ்திரி யோசிச்சு, உடைச்சுப் போட்ட ஆட்டோவுல இருந்து ரெண்டு சக்கரம் டிரம்மோட எடுத்து முன்னால மாட்டினாரு. பேரிங்கும் ஆச்சு, பிரேக்கும் ஆச்சு. இந்த ஒரு யோசனைக்காகவே அவர் கையில மோதிரம் போடலாம்.

பட்டறையில வேலை பாக்குற தம்பி ஒருத்தன், "கவர்னரைக் கழட்டிட்டா நல்லா பறக்கும் அண்ணாச்சி"ன்னான். கூடாதுன்னுட்டோம். அந்த இன்ஜின் நிமிஷத்துக்கு 3600 சுத்துக்கு மேல போகக் கூடாதுன்னுதான் கவர்னர். உள்ள இருக்குற ராடு அலுமினியம். கவர்னரை எடுத்தா ராடு ஒருநாள் இன்ஜினைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும், எதிர்ல கால் இருந்தா கால் போகும். அதே மாதிரி சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு. ஆளு இறங்கினா இன்ஜின் நின்னுடும். இப்படி வண்டி மாத்துற பல பேரு முதல்ல பிடுங்கிப் போடுறது அந்த வயரைத்தான், எழும்பி நின்னு ஓட்ட இடைஞ்சலா இருக்குன்னு. நாங்க தொடல. பெல்ட்டுக்குத் தகரக் கூடு போட்டோம், வேட்டி சேலை சிக்கக் கூடாதுல்ல. சீட்டுக்குப் பின்னால கனமான பைப்புல ஆள் உயரத்துக்கு மேல ஒரு வளைவு, இடுப்புக்கு பெல்ட்டு.

சரிவுல இந்த இன்ஜினுக்கு எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்கிடும், உள்ள காஞ்சு பிடிச்சிடும். இந்த மாதிரி மெஷினோட புஸ்தகத்துல பொதுவா 15 டிகிரி சரிவுக்கு மேல கொண்டுபோகாதேன்னு போட்டிருக்கும். அதனால ஓடை இறக்கத்துல இறங்குறது இல்ல. அந்த ஐம்பது அடிக்கு இன்னைக்கும் மூட்டை தோள்லதான்.

இப்ப "ஆபத்து"ன்னு சொல்லுறவங்களுக்கு என் பதில். ஆமா, ஆபத்துதான். அதனாலதான் இவ்வளவும் செஞ்சோம். உயரம் கூட்டினா கவிழும், அதனால டயர் அளவுக்கு மேல ஒரு அங்குலம்கூட உயர்த்தல. ஆபத்தை எப்படிக் குறைக்கணும்னு தெரிஞ்ச ஆளு எங்க ஊர்ப் பக்கம் இருக்காரு. ஆனா அவர் செஞ்சது சரியா தப்பான்னு சோதிச்சுச் சொல்லுறதுக்கு ஒரு அலுவலகமும் கிடையாது. தலையில 50 கிலோ மூட்டையோட வழுக்குற வரப்புல ஒரு அம்மா நடக்குறது உங்களுக்கு ஆபத்தாத் தெரியல. அத 'உழைப்பின் அழகு'ன்னு போட்டோ எடுத்துப் போடுறீங்க. அந்த மூட்டைய மெஷின்ல ஏத்தினா மட்டும் ஆபத்து கண்ணுக்குத் தெரிஞ்சிடுது.

இன்னொரு வேடிக்கை சொல்லுதேன். இந்தப் புல்வெட்டி மெஷினே ஒரு மாத்திக் கட்டின மெஷின்தான். 1830-ல இங்கிலாந்துல ஸ்ட்ரவுட் பக்கம் எட்வின் பட்டிங்னு ஒரு ஆளு. அங்க கம்பளித் துணி ஆலைகள் உண்டு. துணி மேல நீட்டிக்கிட்டிருக்கிற நூலைச் சீவி எடுக்க ஒரு சுத்துற கத்தி மெஷின் இருந்தது. அதப் பாத்துட்டு, துணியச் சீவுற மாதிரி புல்லைச் சீவினா என்னன்னு யோசிச்சுச் செஞ்சதுதான் முதல் புல்வெட்டி. துணிக்குச் செஞ்சது புல்லுக்கு வந்தது. புல்லுக்குச் செஞ்சது என்கிட்ட தேங்காய்க்கு வந்திருக்கு. அவர் செஞ்சா கண்டுபிடிப்பு, பேடன்ட். நான் செஞ்சா ஒட்டு வண்டி.

அதே இங்கிலாந்துல 1973-ல இருந்து புல்வெட்டி வண்டிப் பந்தயத்துக்குன்னே ஒரு சங்கம் இருக்கு. பிளேடைக் கழட்டிட்டு வயல்ல ரேஸ் விடுவாங்க, பன்னிரண்டு மணி நேரப் பந்தயம்கூட உண்டு. எனக்கு அதுல பொறாமை இல்ல, மனுசன்னா விளையாடணும். ஆனா பாருங்க, விளையாட்டுக்கு மாத்தின வண்டிக்கு அங்க ஒரு சங்கம், விதிமுறை, பிளேடு இருக்கக் கூடாதுங்கிற கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. வயித்துக்காக மாத்தின வண்டிக்கு இங்க என்ன இருக்கு?

இங்க இருக்கிறது இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, பதிவுல உள்ளதுக்கு மாறா வண்டிய மாத்தாதேங்குது. 2019-ல கொண்டுவந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லன்னா ரெண்டும். சைலன்சரைக் கழட்டி ஊரை எழுப்புறவனுக்கு அது வேணும், நான் மறுக்கல. ஆனா இன்னொரு வரியும் அதே சட்டத்துல இருக்கு. ரோட்டுல ஓடுறதுக்குத் தகுந்த வண்டிதான் 'மோட்டார் வாகனம்'. தொழிற்சாலைக்குள்ளயோ அடைப்புள்ள வளாகத்துக்குள்ளயோ மட்டும் ஓடுற தனிவகை வண்டி அந்தக் கணக்குலயே வராது. நான் வக்கீல் இல்ல, பத்தாங்கிளாஸ் தாண்டிப் படிச்ச ஒரு விவசாயி. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் விஷயம் இதுதான்: இதே மெஷின் விடுதி மதிலுக்குள்ள ஓடினப்ப நம்பர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், ஒரு கேள்வி இல்ல. என் தோப்புக்கு மதில் கிடையாது. தோப்புல இருந்து வாய்க்கால் கரைக்குப் போக பஞ்சாயத்து ரோட்டுல நாப்பது எட்டு தாண்டணும். அந்த நாப்பது எட்டுல நான் குத்தவாளி ஆயிடுதேன். அதனால அந்த இடத்துல இன்ஜினை நிப்பாட்டி, ரெண்டு பேரு சேந்து வண்டியத் தள்ளிக்கிட்டுத்தான் கடக்குறோம். பாக்குறவங்க சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

வடக்க நம்மளவிடப் பெரிய சோதனை நடந்திருக்கு. உத்தரப்பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் பம்புசெட் டீசல் இன்ஜினை எடுத்து மரச்சட்டத்துல வச்சு, பழைய ஜீப் சாமானம் சேத்து ஒரு வண்டி கட்டுவாங்க. பேரு ஜுகாட். 2013-ல உச்ச நீதிமன்றம், ஜுகாட்டும் மோட்டார் வாகனம்தான், பதிவும் காப்பீடும் இல்லாம ரோட்டுல ஓடக் கூடாதுன்னு சொல்லிட்டு. அந்தத் தீர்ப்ப நான் குறை சொல்ல மாட்டேன். பிரேக் ஒழுங்கா இல்லாத வண்டியில முப்பது பேரை ஏத்திக்கிட்டு நெடுஞ்சாலைக்கு வந்தா நிறுத்தத்தான் வேணும். சென்னையில மீன்பாடி வண்டியும் அதே கதை. தடை போட்டாங்க, இன்னைக்கும் கம்பியும் மீனும் ஏத்திக்கிட்டு ஓடுது. ஏன்னா, தடை வந்த அன்னைக்கி அந்தச் சரக்கை எதுல ஏத்தன்னு யாரும் பதில் சொல்லல. 'கூடாது'ன்னு சொல்ல நம்ம நாட்டுல எல்லாருக்கும் வாய் உண்டு. 'இப்படிச் செய், அப்ப ஓட்டலாம்'னு சொல்லத்தான் ஆளில்ல.

ஆளே இல்லன்னும் சொல்ல முடியாது. குஜராத்துல அம்ரேலி மாவட்டத்துல மன்சுக்பாய் ஜகானின்னு ஒரு ஆளு. வறட்சியில மாட்டை வித்துட்டு நின்ன காலத்துல, 1994-ல, ஒரு பழைய புல்லட்டோட பின் சக்கரத்தைக் கழட்டிட்டு ரெண்டு சக்கரமும் கலப்பையும் மாட்டி உழுதாரு. 'புல்லட் சாந்தி'ன்னு பேரு. தேசியப் புத்தாக்க நிறுவனம், தேனீ வலையமைப்பு ஆளுக எல்லாம் அவர் பக்கம் நின்னாங்க. நம்ம நாட்டுலயும் அமெரிக்காவுலயும் பேடன்ட் கிடைச்சது. அவரு கெட்டிக்காரர்ங்கிறதுல சந்தேகம் இல்ல. ஆனா அவரை மாதிரி கெட்டிக்காரங்க ஊருக்கு ஒருத்தர் உண்டு. அவருக்குப் பக்கத்துல வந்து நின்ன ஆளுகதான் ஊருக்கு ஒருத்தர் இல்ல.

இலங்கையில வடக்கு, கிழக்குப் பக்கம் போனவங்க பாத்திருப்பீங்க. ரெண்டு சக்கர டிராக்டர்ல பெட்டி மாட்டி, குடும்பமே உக்காந்து கோயிலுக்கும் சந்தைக்கும் போகும். 'லேண்ட்மாஸ்டர்'னு சொல்லுவாங்க. அது எப்பவோ வந்த ஒரு இங்கிலாந்துக் கம்பெனிப் பேரு, இப்ப சைனா மெஷினுக்கும் அதே பேருதான். நம்ம டில்லர் இனம்தான் அது. அங்க அதச் சிறுவிவசாயியோட வண்டியா ஏத்துக்கிட்டாங்க. வானம் இடிஞ்சு விழல.

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். எங்க ஊர் ஆய்க்குடிக்கு வாங்க. 1981-ல எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கின அமர் சேவா சங்கம் இங்கதான் இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்காக அவங்க செய்யுற வேலை நாடு முழுக்கத் தெரியும். அதனால எங்க தெருவுல பின்னால ரெண்டு சக்கரம் கூட்டிக் கட்டின ஸ்கூட்டரை அடிக்கடி பாக்கேன். அதுவும் கம்பெனிக்காரன் செஞ்சு விட்டதுல இருந்து மாத்தின வண்டிதானே? ஆனா அதுக்குச் சட்டத்துல தனியா இடம் இருக்கு. உடல் குறைபாடு உள்ளவங்களுக்காக மாத்தி அமைச்ச வண்டின்னு ஒரு விளக்கமே 2019 திருத்தத்துல எழுதி வச்சிருக்காங்க. நல்ல காரியம். நான் என் தேவைய அவங்க தேவையோட எடைபோட வரல, அவங்களுக்கு அது உசுரு மாதிரி. நான் சொல்லுறது ஒண்ணுதான்: தேவை உண்மைன்னு ஒத்துக்கிட்டா, வண்டிய மாத்துறதுக்கு வழி எழுதச் சட்டத்துக்குத் தெரியும். எழுதியும் காட்டிட்டு. விவசாயியோட தேவைய மட்டும் யாரும் இன்னும் ஒத்துக்கிடல.

மெஷின் வச்சிருக்கவனுக்கு அதத் திறந்து பாக்க உரிமை வேணும்னு வெளிநாட்டுலயும் சண்டை நடக்குது. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2023-ல விவசாய மெஷினுக்குன்னே ஒரு பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் போட்டாங்க, 2024 ஜனவரியில அமலுக்கு வந்துட்டு. இங்கயும் 2022 ஜூலையில நுகர்வோர் துறை அதுக்கு ஒரு குழு போட்டுது. அந்தக் குழு எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாயக் கருவியும் ஒண்ணு. படிச்சப்ப சந்தோசமா இருந்தது. ஆனா எங்க பட்டறைக்கு அந்தச் சந்தோசம் இன்னும் வந்து சேரல. இந்த இன்ஜினுக்கு ஒரு கேஸ்கட் வாங்க எட்டு கடை ஏறி இறங்கி, கடைசியில மேஸ்திரி அட்டையில வெட்டி ஒட்டினாரு. சர்வீஸ் ஆள்கிட்ட போன்ல கேட்டா, "அந்த மாடல் நிறுத்தியாச்சு சார், புது மெஷின் எடுத்துக்கோங்க"ன்னு பதில். நகரத்துல உங்க மிக்சிக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதே பதிலைத்தான சொல்லுறாங்க? அப்ப உங்களுக்குக் கோவம் வருதுல்ல? அந்தக் கோவத்துல கொஞ்சம் எங்களுக்கும் குடுங்க.

'கிராமத்து விஞ்ஞானி' ஆளுகளுக்கு ஒரு வார்த்தை. உங்க பாராட்டு கெட்ட எண்ணத்துல வாரதில்ல, தெரியும். ஆனா அது எங்களுக்குச் செய்யுற காரியம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. 'இல்லாததை வச்சே சமாளிச்சுடுவாங்க, கில்லாடிங்க'ன்னு நீங்க கை தட்டத் தட்ட, எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லன்னு ஆயிடுது. அந்த ரீல்ஸைப் பாத்த பதினாறு வயசுப் பய ஒருத்தன் கவர்னரைக் கழட்டுவான், வளைவு போட மாட்டான். ஏன்னா உங்க வீடியோவுல வண்டி சேத்துல பறக்குற முப்பது விநாடிதான் இருக்கு. புல்லிய ஏன் சின்னதாக்கினோம்னு இல்ல. டிராக்டர் கவிழ்ந்து சாகுறது உலகம் முழுக்க உள்ள சங்கதி. அதுக்குத்தான் சுவீடன்ல 1959-லயே புது டிராக்டர்ல எல்லாம் பாதுகாப்புச் சட்டம் மாட்டித்தான் விக்கணும்னு விதி போட்டாங்க. சாவு குறைஞ்சது அந்த இரும்பு வளைவாலதான். இத யாராவது வீடியோ எடுத்தா நான் டீ வாங்கித் தாரேன்.

எனக்கு என்ன வேணும்னு கேட்டா, கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல போகாத, ஆளு ஏத்தாத, பண்ணைக்குள்ளயும் வண்டிப்பாதையிலயும் மட்டும் ஓடுற வண்டின்னு ஒரு வகை எழுதுங்க. ரோட்டைக் குறுக்க தாண்ட அனுமதி, ரோட்டோட ஓட அனுமதி வேண்டாம். வருஷத்துக்கு ஒருதரம் வேளாண் பொறியியல் துறை இன்ஜினியர் ஒருத்தர் தென்காசியில ஒரு நாள் உக்காரட்டும். பிரேக் பிடிக்கா, வளைவு இருக்கா, பெல்ட்டுக்கு மூடி இருக்கா, ஆளு இறங்கினா இன்ஜின் நிக்கான்னு பாத்து ஒரு சீட்டு ஒட்டட்டும். சரியில்லாத வண்டியத் திருப்பி அனுப்பட்டும். என் வண்டியவே அனுப்பினாலும் சரி, என்ன குறைன்னு சொன்னா மேஸ்திரி சரிபண்ணிடுவாரு. அதுக்கு ஐநூறு ரூபா கட்டணம் வச்சாலும் கட்டுதோம். பட்டறைக்காரங்களுக்குப் பயிற்சி குடுங்க, புது மெஷின் மானியத்துல நூத்துல ஒரு பங்கைப் பழசைச் சரிபண்ணுறதுக்கு ஒதுக்குங்க. அப்படியே கிராம வரைபடத்துல உள்ள வண்டிப்பாதைய அளந்து கல்லு நட்டாங்கன்னா, எங்க சொந்தக்காரங்களோட சண்டை போடுற வேலையும் எனக்கு மிச்சம்.

இது எல்லாம் நடக்க எத்தனை வருஷம் ஆகும்னு தெரியல. அதுவரைக்கும் உங்களால ஆகுற ஒரு காரியம் இருக்கு. நீங்க குடியிருக்கிற அடுக்குமாடிச் சங்கத்துலயோ, வேலை பாக்குற கம்பெனி வளாகத்துலயோ, பிள்ளைக படிக்கிற காலேஜ்லயோ இந்த மாதிரி ஒரு புல்வெட்டி வண்டி தார்ப்பாய் போத்தி மூலையில கிடக்கும். பிளேடு போனது, பெல்ட் போனது, பரவாயில்ல. இன்ஜின் கையால சுத்தினா சுத்துதான்னு மட்டும் பாருங்க. கியர் வண்டியா இருந்தா நல்லது. எண்ணெய் அழுத்தத்துல ஓடுற கியர் இல்லாத வகை பாரம் இழுத்தா சூடாயி மக்கர் பண்ணும், அது வேண்டாம். இங்க மூணு பேரு ஏற்கெனவே மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிருக்காங்க, அதுல ஒருத்தருக்கு என் கரையவிட அரை அடி குறுகலான கரை. இரும்பு விலையும் லாரி வாடகையும் நாங்களே குடுத்துக்கிடுதோம்.